வீட்டுச் சீரமைப்பு: எந்த ஒப்பந்தத்தில் விலை நிற்கும்?

ஒரே வீட்டைப் பார்த்துவிட்டுப் போன மூன்று ஒப்பந்தக்காரர்கள் மூன்று தொகை சொல்வதும், அவற்றுள் ஒன்று மற்றொன்றின் இரு மடங்காக இருப்பதும், குறைந்த தொகை சொன்னவரிடம் வேலையைக் கொடுத்த பிறகு அந்தத் தொகை பாதி வேலையிலேயே கரைந்துபோவதும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்க முனைந்த பலர் அறிந்தவையே. இதை ஒப்பந்தக்காரரின் நேர்மை பற்றிய கேள்வியாக மட்டும் பார்ப்பது வழக்கம். நேர்மையற்றவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் ஒழுங்காக வேலை செய்பவர் சொன்ன தொகையும் நிற்காமல் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில் ஒருவர் சொல்லும் மொத்தத் தொகை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஊகமாகத்தான் இருக்க முடியும். ஆகவே யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், எந்த வகை ஒப்பந்தத்தில் கொடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். முழு வீட்டுக்கும் ஒரே வகை ஒப்பந்தம்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நம் மாவட்டத்தில் தொகை ஏறுவதற்கு இங்கே உரிய சில காரணங்கள் உண்டு. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பல வீடுகள் தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே, லாரி எட்டாத மேட்டில் இருக்கின்றன. சாலையில் இறக்கிய எம் சாண்டையும் ஜல்லியையும் வீட்டு முற்றம் வரை கொண்டுபோக வேறொரு சிறு வண்டியோ தலைச்சுமடோ வேண்டும். அந்தக் கூலியைக் கொட்டேஷனில் யாரும் எழுதுவதில்லை. கூலி கூடுதலாகக் கிடைப்பதால் திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போகும் கொத்தனார்கள் இங்கே பலர் உண்டு. அவர்களை உள்ளூரில் நிறுத்த வேண்டுமானால் அந்தச் சம்பளத்தை ஒட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். குவாரிப் பொருட்களுக்கு அனுமதிச் சீட்டுக் கெடுபிடி வந்தால் விலை ஒரே வாரத்தில் மாறிவிடுகிறது. இவற்றோடு இரண்டு பருவமழையும் சேர்ந்துகொள்கின்றன. ஜூனில் தென்மேற்கு மழையும் அக்டோபரில் வடகிழக்கு மழையும் வருவதால், கூரையைத் திறந்து செய்யும் வேலைக்கு ஜனவரி முதல் மே வரையிலான காலமே பாதுகாப்பானது. எல்லோரும் அந்த மாதங்களையே கேட்பதால் ஒப்பந்தக்காரர் நான்கைந்து வேலைகளை ஒன்றாகப் பிடிக்கிறார். ஆள் பற்றாமல் நாள் நீள்கிறது. நாள் நீளும்போது தொகையும் நீள்கிறது.

இனி கொட்டேஷனைப் பார்ப்போம். லெட்டர்பேடில் "அடுக்களை, குளியலறை வேலைகள் முழுவதும் – ரூ. 4,80,000" என்று ஒற்றை வரியில் எழுதித் தரப்படும் தாளை வேறு எந்தத் தாளோடும் ஒப்பிட முடியாது. இன்னொருவர் 6,20,000 என்று எழுதியிருந்தால் அவர் விலை அதிகம் என்று சொல்வதற்கும் இடமில்லை. முதலாமவர் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதையும் இடிபாட்டை அள்ளிப்போடுவதையும் சேர்க்காமல் விட்டிருக்கலாம். இரண்டாமவர் அவற்றோடு புதிய குழாய் இணைப்புகளையும் சேர்த்திருக்கலாம். கேட்டால் "அதெல்லாம் பாத்துச் செய்யலாம் அண்ணாச்சி" என்ற பதில் வரும். பின்னால் வரும் ஒவ்வொரு கூடுதல் பில்லும் அந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கிறது. எனவே ஒப்பிடுவதற்கு முன், எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் வீட்டுக்காரரே ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்து, அதே வரிசையில் ஒவ்வொரு வரிக்கும் விலை எழுதித் தரச் சொல்ல வேண்டும். இடிப்பது, இடிபாட்டை அகற்றுவது, பொருளை முற்றத்துக்குக் கொண்டுவருவது, பூச்சு எத்தனை மில்லிமீட்டர் கனம், மின் பாயிண்டுகள் எத்தனை, குழாய் எந்த வகை, டைல்ஸ் சதுர அடிக்கு என்ன விலை வரம்புக்குள், எந்த நிறுவனப் பெயிண்ட் எத்தனை கோட் என்பவை அந்தப் பட்டியலில் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்டதும் விலகிக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் விலகுவது நல்லது.

பூச்சின் கனத்தை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதுச் செங்கல் சுவருக்கு உட்புறம் 12 மில்லிமீட்டர் பூச்சு என்று கணக்கிட்டால் நூறு சதுர அடிக்குச் சுமார் ஒரு மூட்டை சிமெண்ட் போதும். பழைய மண் சுவரிலோ சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரிலோ பழைய பூச்சை உரித்தபின் மட்டக்கோலை வைத்துப் பார்த்தால், ஒரு மூலையில் கோல் சுவரோடு ஒட்டியிருக்கும், நடுவில் இரண்டு விரல் நுழையும். அந்தக் குழியை நிரப்பித்தான் சமன் செய்ய வேண்டும். பல இடங்களில் பூச்சு 30 மில்லிமீட்டரைத் தொடும். சிமெண்டும் மணலும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஒரே நாளில் அவ்வளவு கனத்தை ஏற்றவும் முடியாது. உரிப்பதற்கு முன் இதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது என்பதால், பழைய சுவருக்கு 12 மில்லிமீட்டர் கணக்கில் மொத்தத் தொகை சொல்லும் கொட்டேஷன் பின்னர் ஏறியே தீரும்.

முதல் வழி, பொருளும் கூலியும் சேர்த்து மொத்த ஒப்பந்தமாகக் கொடுப்பது. வெளிநாட்டில் இருப்பவர்களும், வேலை நடக்கும் இடத்தில் தினமும் நிற்க முடியாதவர்களும் இதையே விரும்புகிறார்கள். தலைவலி குறைவு என்பது உண்மைதான். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு, வரைபடமும் பொருள் விவரமும் முழுமையாக இருந்தால், இது பொருத்தமான முறை. சீரமைப்புக்கு இதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒப்பந்தக்காரர் தெரியாத செலவுக்காக முன்கூட்டியே தொகையை ஏற்றி வைப்பார். அல்லது குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொருளைக் குறைப்பார். மேலும், பொருள் விலை இறங்கினால் அதன் பயன் வீட்டுக்காரருக்கு வராது. சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் போட்டவர்கள், ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு வரி எழுதாதிருந்தால், அந்தக் குறைப்பைக் கேட்டுப் பெறுவது கடினம். விலை ஏறும்போது மட்டும் "கம்பி விலை ஏறிப்போச்சு" என்ற பேச்சு தவறாமல் வரும். இதைச் சரிசெய்ய எளிய முறை உண்டு: சிமெண்டுக்கும் கம்பிக்கும் கையெழுத்திடும் நாளின் விலையை ஒப்பந்தத்தில் எழுதிவைத்து, வாங்கும் நாளின் பில்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஏறினாலும் இறங்கினாலும் வீட்டுக்காரர் கணக்கில் சேரும் என்று குறிப்பிடலாம். மற்ற பொருட்களின் விலையேற்றம் ஒப்பந்தக்காரரைச் சேரட்டும்.

இரண்டாவது வழி, பொருளை வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்து, கூலியை மட்டும் ஒப்பந்தமாகப் பேசுவது. இதில் பொருளின் தரம் கையில் இருக்கிறது. கம்பி வாங்கும்போது எடைச் சீட்டைச் சரிபார்க்கலாம்: 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ என்பதால் 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ இருக்க வேண்டும். எம் சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வரும்போது, ஒரு யூனிட் என்பது 100 கன அடி என்பதால், வண்டிப் பெட்டியின் நீள அகல உயரத்தை டேப்பால் அளந்து பெருக்கிப் பார்த்தாலே குறை தெரிந்துவிடும். கூலி ஒப்பந்தத்தின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பொருள் தம்முடையது இல்லை என்பதால் வீணாக்குவதைப் பற்றி வேலையாட்களுக்குக் கவலை குறைவு. ஒரு நாள் மணல் வராவிட்டால் அந்த நாளின் சும்மா இருந்த கூலியை யார் ஏற்பது என்ற தகராறும் இதில்தான் அதிகம் எழுகிறது. வீட்டில் ஓய்வுபெற்ற ஒருவரோ, நாள்தோறும் கடைக்குப் போய்வர முடிந்த ஒருவரோ இருந்தால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது வழி நாள் சம்பளம். கொத்தனாருக்கு இவ்வளவு, கையாளுக்கு இவ்வளவு என்று பேசி, நடந்த நாட்களுக்குக் கொடுப்பது. இதில் கொட்டேஷன் என்ற ஒன்றே இல்லாததால் அது பொய்க்கவும் வழியில்லை. ஆனால் வேலை எப்போது முடியும் என்பதற்கும் எல்லை இல்லை. சிறு வேலைக்கும், என்ன வரும் என்று தெரியாத இடிப்பு வேலைக்கும் இது போதும். முழு வீட்டுக்கும் இந்த முறையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது, அளவு எடுத்து விலை கொடுக்கும் முறை. ஒவ்வொரு வேலைக்கும் அலகு விலை பேசி, முடிந்தபின் இரு தரப்பும் சேர்ந்து அளந்து கணக்குத் தீர்ப்பது. பொதுப்பணித் துறை தன் வேலைகளை இப்படித்தான் கணக்கிடுகிறது. அதன் ஆண்டு விலைப் பட்டியல் வீட்டு வேலைக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், ஒருவர் சொல்லும் அலகு விலை நியாயமான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க உதவும். சீரமைப்பு வேலைக்கு இதைவிட நேர்மையான முறை இல்லை என்பது என் கருத்து. கனம் கூடினால் அதற்கான விலையும், பரப்பு கூடினால் அதற்கான விலையும் முன்பே பேசியிருப்பதால், தொகை ஏறினாலும் ஏன் ஏறியது என்பது டேப்பில் தெரியும்.

ஆனால் அளக்கும் முறையையும் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சண்டை அளவில் வந்து நிற்கும். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. அதில் 3 அடிக்கு 7 அடி வாசல் ஒன்றும், 4 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டும் இருந்தால் திறப்புகள் 53 சதுர அடி. திறப்பைக் கழித்தால் 387; கழிக்காவிட்டால் 440. ஓர் அறைக்கே இந்த வித்தியாசம் என்றால் வீடு முழுவதுக்கும் எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் ஊர் கொத்தனார்கள் பெரும்பாலும் கழிக்காமல் அளப்பார்கள், வீட்டுக்காரர்கள் அதை ஏமாற்று என்று நினைப்பார்கள். கட்டட வேலையை அளக்கும் முறைக்கென இந்திய தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட ஐஎஸ் 1200 நடுவழி ஒன்றைச் சொல்கிறது. அரைச் சதுர மீட்டர் வரையிலான திறப்பைக் கழிப்பதே இல்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை உள்ள திறப்பை, சுவரின் இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்கிறார்கள். ஜன்னல் ஓரங்களையும் வாசல் ஓரங்களையும் பூசுவதற்குத் தனிக் கூலி கிடையாது. ஓரம் பிடிப்பது மெனக்கெட்ட வேலை என்பது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் நியாயமானது. எந்த முறையானாலும் வேலை தொடங்கும் முன் ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும்.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பொறியாளர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்து முதலிலேயே விரிவான எஸ்டிமேட் வாங்குவது. இதைச் செலவு என்று பலர் தவிர்க்கிறார்கள். வேலையின் அளவு மூன்று லட்சத்தைத் தாண்டும் என்றால் தவிர்க்காமல் இருப்பதே நல்லது. சிவில் படித்த இளைஞர்களும் ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர்களும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எங்கும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வங்கிக் கடனுக்காகப் போடப்படும் எஸ்டிமேட் கடன் தொகையை மனத்தில் வைத்துப் போடப்படுவது. அதை ஒப்பந்தக்காரரிடம் காட்டினால் அந்தத் தொகையே அவருக்கு அடித்தளமாகிவிடும். வேலைக்கான எஸ்டிமேட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த வழிகளைப் பிரித்துப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கு, தக்கலைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்பகுதி ஓட்டுக் கூரை, பின்னால் பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் அடுக்களையும் குளியலறையும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது பல வீடுகளில் நடந்ததுபோல இங்கும் ஓடுகள் பறந்து, பறந்த இடத்தில் மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து பார்த்தால், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்கள் எல்லாம் உறுதியாகத் தெரியும். ஓட்டை இறக்கிவிட்டு, கழுக்கோல் சுவர்மீது உட்காரும் அடிப்பகுதியை உளியால் குத்திப் பார்த்தால்தான், பல ஆண்டு ஈரத்தில் மரம் செல்லரித்து உளி மாவுக்குள் போவதுபோல் இறங்குவது தெரியும். நூறு கழுக்கோலில் பத்து மாற்ற வேண்டுமா, நாற்பது மாற்ற வேண்டுமா என்பது அன்றுதான் தெரியும். இந்த இடத்தில் மொத்தத் தொகை பேசுவது இருவருக்கும் அநீதி. ஓடு இறக்குவதை நாள் சம்பளத்தில் செய்து, பார்த்தபின், கழுக்கோலுக்கும் அதன்மேல் குறுக்கே அடிக்கும் பட்டியல் மரத்துக்கும் அடி விலை பேசி அளவு முறையில் மாற்றுவதே சரி. பூச்சு வேலைக்கும் அளவு முறைதான். 12 மில்லிமீட்டருக்கு ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு 6 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். அடுக்களையில் சுவருக்குள் பதிந்த பழைய இரும்புக் குழாயை மீண்டும் பயன்படுத்தலாமா என்ற கேள்வியை எழுப்பாமல், எல்லாவற்றையும் புதிதாகப் போடுவதாக முடிவு செய்துவிட்டால் அங்கே ஊகத்துக்கு இடமில்லை. மின்சாரமும் குழாயும் பாயிண்ட் கணக்கில் நிலையான தொகைக்குப் போகலாம். தரை, டைல்ஸ், பெயிண்ட், கதவு ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. இவற்றை மொத்தத் தொகைக்குக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். டைல்ஸை வீட்டுக்காரரே வாங்கினால், வெட்டில் வீணாவதற்காகப் பத்து சதவீதம் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியமாகிறது. உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி, அடிப்பூச்சு பெயர்ந்து விழுவது அங்கே சாதாரணம். பெயர்ந்த இடம் இரண்டு அடி என்றால் தட்டிப் பார்க்கும்போது வெற்றோசை கேட்கும் இடம் பத்து அடி இருக்கும். சுத்தியால் மேல்தளம் முழுவதையும் தட்டி, வெற்றோசை வரும் பகுதியைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதை அளந்த பிறகே விலை பேச வேண்டும். தட்டிப் பார்க்காமல் தொகை சொல்பவரின் தொகையை ஏற்கக் கூடாது.

வேலை பாதியில் இருக்கும்போது ஒப்பந்தக்காரர் கூடுதல் கேட்டால், அப்போதும் வழிகள் பலவாகப் பிரிகின்றன. கேட்கும் தொகை எழுதிய பட்டியலில் இல்லாத வேலைக்கானது என்றால், அந்த வேலையையும் விலையையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டுத் தொடரலாம். பட்டியலில் இருக்கும் வேலைக்கே கூடுதல் கேட்டால், அன்று வரை முடிந்ததை இருவரும் சேர்ந்து அளந்து, படம் எடுத்து, கணக்குத் தீர்த்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம். மூன்றாவதாக, அதே ஆளைக் கூலிக்கு மட்டும் நிறுத்தி, பொருள் வாங்குவதை வீட்டுக்காரர் ஏற்கலாம். அவருக்கு உண்மையிலேயே பண நெருக்கடிதான் என்றால் இது பெரும்பாலும் பலிக்கிறது, உறவும் கெடுவதில்லை. இவற்றில் எதைத் தேர்வது என்பதைக் கூரையின் நிலையும் மாதமும் தீர்மானிக்கும். மே மாத நடுவில் கூரை திறந்து கிடக்கும்போது ஆளை மாற்றுவது அறிவுடைமை ஆகாது. கூரையை மூடும் வரை கேட்பதில் ஒரு பகுதியைக் கொடுத்தாவது அவரிடமே முடித்துக்கொண்டு, பிறகு கணக்குப் பேசலாம். பாதி வேலையை ஏற்க வரும் புதியவர் முந்தையவரின் குறைகளைச் சொல்லியே விலையைக் கூட்டுவார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பணம் கொடுக்கும் வரிசையை எந்த ஒப்பந்தத்திலும் தளர்த்தக் கூடாது. முன்பணம் முதல் கட்டப் பொருளுக்குப் போதுமான அளவே இருக்கட்டும். அடுத்த தவணைகள் முடிந்த வேலையைப் பின்தொடரட்டும், முந்திப் போக வேண்டாம். கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உறவினர் வருகிறார்கள் என்ற அவசரத்தில்தான் பலர் தவணையை முன்னால் கொடுத்துவிடுகிறார்கள். மொத்தத்தில் ஐந்து முதல் பத்து சதவீதத்தை, கூரையும் குளியலறையும் ஒரு மழையைப் பார்க்கும் வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு மழை என்பதால் ஒப்பந்தக்காரரும் அதற்காக நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டால், 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டும் பணியையும் சேவை என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அங்கே பேசப்போவது கையெழுத்திட்ட வேலைப் பட்டியலும், வங்கி வழியாகக் கொடுத்த தவணைகளும், வாட்ஸ்அப்பில் விலை பேசிய செய்திகளும், தேதியுடன் எடுத்த படங்களும்தான். ரொக்கமாகக் கொடுத்த தவணைக்கு அன்றைக்கே ரசீது வாங்கி, பட்டியலோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.